பிரிவிலேஜ் என்றால் சலுகையா, உரிமையா?

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது:

"சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் தட்டச்சும் மொழிபெயர்ப்பும் செய்து கொடுக்கிறேன். ஒரே வாரத்தில் மூன்று ஆங்கிலத் தாள்களில் 'பிரிவிலேஜ்' என்ற சொல் வந்தது. முதலாவது, பெங்களூரில் இருக்கும் ஒருவர் தன் 12 செண்ட் புரையிடத்தை (வீட்டுத் தோட்ட நிலத்தை) விற்க எழுதி அனுப்பிய கிரயப் பத்திர வரைவு. அதில் 'ரைட்ஸ், பிரிவிலேஜஸ் அண்ட் ஈஸ்மென்ட்ஸ்' என்று இருந்தது. இரண்டாவது, ஒரு முந்திரி ஆலையின் பணி நியமன ஆணை. அதில் 'பிரிவிலேஜ் லீவ்'. மூன்றாவது, ஒரு வக்கீல் தன் கட்சிக்காரருக்கு எழுதிய கடிதம். அதன் தலையிலேயே 'பிரிவிலேஜ்ட்' என்று போட்டிருந்தது. அகராதியைப் பார்த்து மூன்றிலும் 'சலுகை' என்று எழுதினேன். இடம் வாங்குகிறவர் 'அப்போ வழி சலுகையாத்தான் கிடைக்குமா, நாளைக்கு அடைச்சுப் போட்டா நான் என்ன செய்ய?' என்று சண்டைக்கு வந்துவிட்டார். சரியான தமிழ்ச் சொல் எது? பிரிராகேட்டிவ் என்பதும் இதுவும் ஒன்றுதானா?"

அன்புள்ள ஐயா,

இடம் வாங்குகிறவர் கேட்டது நியாயமான கேள்வி. உங்கள் அகராதியும் பொய் சொல்லவில்லை. பிரிவிலேஜ் என்பதற்குச் சலுகை என்ற பொருள் உண்டு. ஆனால் அந்தப் பொருள் சில இடங்களில்தான் செல்லும். நீங்கள் காட்டிய மூன்று தாள்களில் ஒன்றில்கூட அது பொருந்தாது.

இந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'பிரிவஸ்' என்றால் தனி ஆளுக்குரியது, 'லெக்ஸ்' என்றால் சட்டம். ஒரு ஆளுக்கு, ஒரு குடும்பத்துக்கு, ஒரு கூட்டத்துக்கு மட்டும் என்று போட்ட சட்டமே 'பிரிவிலேஜியம்'. ஆக, எல்லோருக்கும் இல்லாத ஒன்று சிலருக்கு இருக்கிறது என்பதுதான் இதன் அடிப்படைப் பொருள். அதைக் கொடுத்தவர் நினைத்தபோது திரும்ப எடுக்கலாமா என்பதை இந்தச் சொல் தனியாகச் சொல்வதில்லை. தமிழில் நாம் அதைச் சொல்லாமல் விட முடியாது. சலுகை என்றாலே ஒருவர் மனமிரங்கிக் கொடுத்தார், வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்வார் என்று ஆகிவிடுகிறது. உரிமை என்றால் கேட்டுப் பெறலாம், மறுத்தால் கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஆகிவிடுகிறது. அதனால் எழுதும் முன் மூன்றைப் பாருங்கள். அதைக் கொடுத்தது யார், ஒரு ஆளா, நிறுவனமா, சட்டமா? கொடுத்தவர் தன் விருப்பப்படி எடுத்துவிட முடியுமா? மறுத்தால் யாரிடம் போய்க் கேட்கலாம்? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் தமிழ்ச் சொல் தானாக வந்துவிடும்.

நம் குமரி மாவட்டத்தின் வரலாற்றிலேயே இதற்குத் தெளிவான சான்று இருக்கிறது. தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில், 1859இல், திருவிதாங்கூர் அரசர் ஒரு பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அது சொன்னது. ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற தடையையும் சேர்த்தே வைத்தது. உடலை மூட அனுமதி கிடைத்தது, உடுத்தும் முறை மட்டும் சிலருக்குரியதாகவே காக்கப்பட்டது. பிரிவிலேஜ் என்பதன் மூலப்பொருள் அப்படியே நடைமுறையில் இருந்ததற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் தேட வேண்டியதில்லை. அந்த இடத்தில் சலுகை என்று மொழிபெயர்ப்பது பெரிய தவறு. 'மேல்சாதியார் தமக்கென்று வைத்துக்கொண்ட தனியுரிமை' என்றே எழுத வேண்டும்.

கோவில் நுழைவையும் பாருங்கள். 1936 நவம்பர் 12இல் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. அரசின் பொறுப்பிலிருந்த கோவில்களில் பிறப்பாலோ சமயத்தாலோ இந்துவான எவரையும் தடுக்கக் கூடாது என்றது. சுசீந்திரத்தில் சத்தியாக்கிரகம் நடத்தியவர்கள் கேட்டுப் போராடியதுதான் அது. ஆனால் சட்ட வடிவில் அது அரசர் கையெழுத்திட்டுக் கொடுத்தது. 1950இல் அரசமைப்புச் சட்டம் வந்தபோது 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதன்பின் அது யாருடைய தயவையும் நம்பி நிற்கவில்லை. வாசலும் சந்நிதியும் அதேதான், நுழைகிறவருக்கு இருக்கும் பிடி மாறிவிட்டது. 1950க்கு முந்தைய ஆங்கிலத் தாள்களை மொழிபெயர்ப்பவர் இந்த வேறுபாட்டை மனதில் வைத்திருக்க வேண்டும்.

இனி உங்கள் கிரயப் பத்திரம். மூன்று தாள்களில் பணமும் பகையும் அதிகம் கிளம்பக்கூடியது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆங்கிலப் பத்திரம் எழுதுபவர்கள் எதுவும் விட்டுப்போய்விடக் கூடாது என்று ஒரே இனச் சொற்களை அடுக்குவார்கள். நம் பழைய பத்திரங்களில் 'நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்னும் அஷ்டபோகங்களுடன்' என்று எழுதியதும் அதற்காகத்தான். எனவே அந்த அடுக்கிலுள்ள ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் தனித்தனிச் சட்ட விளைவு தேட வேண்டாம். 'சகல உரிமைகளும், அனுபவ பாத்தியங்களும், வழி, நீர் முதலான வசதியுரிமைகளும் உட்பட' என்று எழுதினால் போதும். அனுபவ பாத்தியம் என்பது பத்திர எழுத்தர்களுக்கும் பதிவு அலுவலகத்துக்கும் பழகிய சொல்தான். ஈஸ்மென்ட் என்பதற்கு வசதியுரிமை என்பதே நீதிமன்றத் தமிழில் வழங்குவது.

இங்கே 'சலுகை' ஏன் ஆபத்து? 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் அடுத்தவர் நிலத்தைப் பயன்படுத்துவதை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று வசதியுரிமை. அது நிலத்தோடு ஒட்டியது. நிலம் கைமாறினால் கூடவே கைமாறும். மற்றொன்று லைசென்ஸ், அதாவது வெறும் அனுமதி. அது ஆளோடு ஒட்டியது. பொதுவாக இன்னொருவருக்கு மாற்ற முடியாது, அனுமதி கொடுத்தவர் தன் நிலத்தை விற்றால் வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது, விரும்பினால் திரும்பப் பெறலாம். அந்த அனுமதியை நம்பி ஒருவர் செலவு செய்து நிரந்தரமான கட்டுமானம் எழுப்பியிருந்தால் அப்படித் திரும்பப் பெற முடியாது. பத்திரத்தில் 'வழிச் சலுகை' என்று எழுதுவது வசதியுரிமையை லைசென்ஸ் என்று ஒப்புக்கொள்வதுபோல் ஆகிவிடும்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. நீண்டகால அனுபவத்தால் வழி உரிமை பெற, 20 ஆண்டு தடையில்லாமல், வெளிப்படையாக, சமாதானமாக, அதுவும் உரிமையோடு நடந்திருக்க வேண்டும். அரசு நிலமானால் 30 ஆண்டு. அந்த அனுபவக் காலம் வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய 2 ஆண்டுக்குள் முடிந்திருக்க வேண்டும், வழியை அடைத்தபின் ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்துவிட்டால் பிடி நழுவிப்போகும். இதில் 'உரிமையோடு' என்பதுதான் முதுகெலும்பு. கேட்டுக் கேட்டு, தயவால் நடந்தவருக்கு 50 ஆண்டானாலும் இந்த உரிமை வராது. நாளை வழக்கு வந்தால் எதிர்க்கட்சி வக்கீல் உங்கள் மொழிபெயர்ப்பையே நீட்டுவார்: 'இவர்களே சலுகை என்று எழுதியிருக்கிறார்கள், அப்படியென்றால் அனுமதியின் பேரில்தானே நடந்தார்கள்?' ஒரு சொல்லால் 20 ஆண்டு நடையைத் தோற்க வைத்துவிடலாம். கோர்ட் சொல்லை மட்டும் பார்க்காது, உண்மையில் எப்படி அனுபவித்தார்கள் என்பதையும் பார்க்கும் என்பது சரிதான். ஆனாலும் இல்லாத சுமையை நாமே ஏன் வாங்கித் தலையில் வைக்க வேண்டும்?

அதே நேரம், அந்த வழி உண்மையிலேயே பக்கத்து வீட்டுக்காரர் அனுமதித்ததாக இருந்து, நீங்கள் 'வழியுரிமை' என்று எழுதினால் அதுவும் தவறு. விற்பவருக்கு இல்லாததை அவரால் விற்க முடியாது. வாங்குகிறவர் நம்பி ஏமாறுவார். ஆகவே விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். வழி நிலம் யார் பட்டாவில் இருக்கிறது? முன் பத்திரத்தில் வழி எழுதியிருக்கிறதா? குடும்பச் சொத்தைப் பாகம் வைத்தபோது உண்டான வழியா? ஒரே சொத்தைப் பிரித்து, வேறு வழியே இல்லாமல் போனால், தேவையின் பேரில் ஒரு வழியுரிமை சட்டப்படி உண்டாகிறது. வேறு வழி கிடைத்துத் தேவை முடிந்தால் அது அற்றுப்போகும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் பாகம் வைத்து வைத்துப் புரையிடங்கள் சில செண்ட்களாகச் சுருங்கியிருக்கும் இடங்களில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடவே கூடாது.

உண்மையில், வழியைக் காப்பாற்றுவது பிரிவிலேஜ் என்ற சொல்லோ அதன் மொழிபெயர்ப்போ அல்ல, சொத்து விவரந்தான். முன்பக்கத்தில் எவ்வளவு அழகாக எழுதினாலும், பின்பக்க விவரத்தில் வழி இல்லையென்றால் சண்டை உறுதி. வழி எந்தப் புல எண், எந்த உட்பிரிவில் போகிறது, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கிழமேல் எத்தனை அடி, தென்வடல் எத்தனை அடி, நடைவழியா வண்டி வழியா, வேறு யார் யாருக்குப் பொது என்று எழுதி, நாலெல்கையும் சொல்லி, புலப்படத்தில் கோடு போட்டு இணைக்கச் சொல்லுங்கள். 'வழி' என்று சும்மா எழுத வேண்டாம். ஒருவகை வழியுரிமை இன்னொருவகை வழியுரிமையைத் தராது என்று சட்டமே சொல்கிறது. நடைவழி என்று எழுதிவிட்டு, வீடு கட்டும்போது டெம்போவில் கல்லும் மணலும் கொண்டுபோக முடியாது. 3 அடி நடைவழியை 8 அடி என்று பேசி முடித்திருந்தால், அது 8 அடி என்றே தாளில் இருக்க வேண்டும். கிணற்றிலோ தோட்டிலோ சானலிலோ தண்ணீர் எடுக்கும் உரிமை இருந்தால் அதையும் இதே மாதிரி தனியாக எழுத வேண்டும்.

சொத்து மாற்றுச் சட்டத்தின் 8ஆம் பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள். வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், நிலத்தை விற்கும்போது அதோடு ஒட்டிய வசதியுரிமைகளும் தாமாகவே மாறிவிடும். வரைவில் பிரிவிலேஜஸ் என்ற சொல்லே இல்லாமல் போயிருந்தாலும் உண்மையான வழியுரிமை போய்விடாது. வாங்குகிறவரிடம் இதைச் சொன்னால் அவர் கோபம் பாதி தணியும்.

இரண்டாவது தாளுக்கு வருகிறேன். பிரிவிலேஜ் லீவ் என்ற பெயர் பழைய அரசுப் பணியிலிருந்து வந்தது. சம்பளத்தோடு விடுப்பு என்பது மேலிடம் கொடுக்கும் தயவாக இருந்த காலத்துப் பெயர். பெயர் நிற்கிறது, உள்ளே இருப்பது மாறிவிட்டது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இதைச் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு என்றது. ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, அந்த ஆண்டில் வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் 1 நாள் விடுப்பு அடுத்த ஆண்டில் கிடைக்கும். 240 நாளானால் 12, 260 நாளானால் 13. எடுக்காத விடுப்பை 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். வேலையை விட்டுப் போகும்போது மிச்சமுள்ள விடுப்புக்குச் சம்பளம் கேட்கலாம். 2020இல் இயற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பில் 240 என்பது 180 ஆகக் குறைந்தது. 20க்கு 1 என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. ஆக இது உழைத்துச் சேர்த்த விடுப்பு. தமிழ்நாடு அரசு அலுவலகங்களில் வழங்கும் 'ஈட்டிய விடுப்பு' என்ற சொல்லையே போடுங்கள். வங்கிக்காரர்களின் பிரிவிலேஜ் லீவும் பணிசெய்த நாட்களுக்கு ஏற்பச் சேர்வதுதான். அங்கும் இதே சொல் பொருந்தும்.

'சலுகை விடுப்பு' என்று நீங்கள் எழுதியதை அந்த ஆலையில் முந்திரி உடைக்கும் பெண் ஒருவர் படித்தால் என்ன நினைப்பார்? முதலாளி தந்தால் உண்டு, தராவிட்டால் இல்லை என்றுதான் நினைப்பார். வேலையை விட்டு நிற்கும்போது மிச்ச நாட்களுக்குப் பணம் கேட்கவே தோன்றாது. ஒரு பிழையான சொல் கையிலிருந்து காசைப் பிடுங்குவது இப்படித்தான். ஆணையில் ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 'ஏர்ன்ட் லீவ்' என்று தனியாக ஒரு வரி இருந்து, அதற்கு மேல் பிரிவிலேஜ் லீவ் என்று இன்னொரு வரி இருந்தால், இரண்டாவது நிறுவனம் தானாகக் கொடுப்பதாக இருக்கலாம். அப்போது 'நிறுவனம் வழங்கும் கூடுதல் விடுப்பு' என்று எழுதுவதே நேர்மை.

உண்மையாகவே சலுகை என்று எழுத வேண்டிய இடங்களும் உண்டு. கடைக்காரர் தரும் பிரிவிலேஜ் கார்டு, வங்கி சில வாடிக்கையாளரைப் பிரிவிலேஜ் வாடிக்கையாளர் என்று அழைப்பது எல்லாம் சலுகைதான். சிறிய எழுத்தில் உள்ள நிபந்தனைகளைப் படித்தால், முன்னறிவிப்பின்றி நிறுத்தலாம் என்றோ மாற்றலாம் என்றோ ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்த வரி இருந்தால் சலுகை என்று தயங்காமல் எழுதலாம். ரயில்வே ஊழியர்களின் பிரிவிலேஜ் பாஸ் நடுவில் நிற்பது. வெளியாள் பார்வைக்குச் சலுகை, ஊழியருக்குப் பணி விதிகளின்படி கேட்கக்கூடியது. பிரிவிலேஜ் டிக்கெட் ஆர்டர் என்றால் மூன்றில் ஒரு பங்குக் கட்டணத்தில் போவது. இவற்றை மொழிபெயர்க்காமல், நாகர்கோவில் சந்திப்பில் வேலை செய்கிறவர்கள் சொல்வதுபோல் 'பிரிவிலேஜ் பாஸ்', 'பி.டி.ஓ.' என்றே விட்டுவிடுங்கள்.

மூன்றாவது தாள். வக்கீல் கடிதத்தின் தலையில் 'பிரிவிலேஜ்ட்' என்று இருந்தால், இந்தக் கடிதத்தைக் காட்டு என்று எவரும் கட்டாயப்படுத்த முடியாது என்று பொருள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆம் பிரிவின்படி, கட்சிக்காரர் தன் வழக்குக்காக வக்கீலிடம் சொன்னதை, கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வக்கீல் வெளியிடக் கூடாது. 134ஆம் பிரிவு, தன் சட்ட ஆலோசகரிடம் பேசியதைச் சொல்லும்படி கட்சிக்காரரைக் கட்டாயப்படுத்துவதைத் தடுக்கிறது. ஆக, இந்த உரிமை வக்கீலுடையது அல்ல, கட்சிக்காரருடையது. 'சலுகை பெற்ற கடிதம்' என்றால் படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. 'வழக்கறிஞர்–கட்சிக்காரர் தனிக் கடிதம். வெளியிடக் கட்டாயப்படுத்த இயலாதது' என்று எழுதுங்கள். கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருள் கெடாது. சிலர் 'இரகசியம்' என்று மட்டும் போடுகிறார்கள். இரகசியம் வேறு. ஒரு தாள் இரகசியமாக இருந்தாலும் கோர்ட் கேட்டால் கொடுத்தாக வேண்டியிருக்கலாம்.

இந்தப் பாதுகாப்பு எல்லா இரகசியப் பேச்சுக்கும் உண்டு என்று பலர் நம்புகிறார்கள். கணவன் மனைவி பேச்சுக்கு 128ஆம் பிரிவில் பாதுகாப்பு உண்டு. மருத்துவரிடம் சொன்னதற்கும், பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ மனம்விட்டுச் சொன்னதற்கும் இந்தச் சாட்சியச் சட்டத்தில் அப்படியொரு தனிப் பிரிவு இல்லை. தேவாலயங்கள் இவ்வளவு உள்ள நம் மாவட்டத்தில் இதைத் தெரிந்துவைப்பது நல்லது. வக்கீலிடம் சொன்னதானாலும், ஒரு குற்றத்தைச் செய்யவே ஆலோசனை கேட்டிருந்தால் பாதுகாப்பு கிடையாது.

வக்கீல் கடிதங்களில் 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்ற தொடரும் வரும். ஒலி கொஞ்சம் ஒத்திருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்களைப் பார்க்க முடிகிறது. அது சமரசப் பேச்சுக்காக எழுதுவது. 'எங்கள் உரிமைகளுக்குப் பங்கமின்றி' என்பது அதற்குரிய தமிழ்.

சட்டமன்றச் செய்திகளில் பிரிவிலேஜ் என்றால் உரிமை என்றே தமிழில் நிலைத்துவிட்டது: உரிமைக் குழு, உரிமை மீறல் தீர்மானம். அரசமைப்புச் சட்டத்தின் 105ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்கும் 194ஆம் பிரிவு மாநிலச் சட்டமன்றத்துக்கும் இதைத் தருகின்றன. அவையில் பேசியதற்கோ வாக்களித்ததற்கோ உறுப்பினர் மீது எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது. கூட்டத்தொடரின்போதும் அதற்கு முன்னும் பின்னும் 40 நாட்களும் உரிமையியல் வழக்கில் அவரைக் கைது செய்ய முடியாது. குற்ற வழக்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. லஞ்சம் வாங்கிக்கொண்டு வாக்களித்தாலும் பாதுகாப்பு உண்டு என்று 1998இல் இருந்த நிலையை உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு 2024 மார்ச்சில் மாற்றிவிட்டது. இந்த உரிமை வெளியாள் மீதும் பாயக்கூடியது. 1987இல் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் 3 மாதச் சிறை விதித்தது இந்த அதிகாரத்தின்கீழ்தான். இங்கே சலுகை மீறல் என்று எழுதினால் சிரிப்பார்கள். அடைப்புக்குறி ஏதுமின்றி 'அவை உரிமை' என்று எழுதினாலே போதும்.

காட்டு நிலத் தாள்கள் உங்களிடம் வந்தால் மிகக் கவனமாக இருங்கள். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்துக் காணிக்காரப் பழங்குடிக் குடும்பங்களின் விண்ணப்பங்களும் பழைய வனத்துறை உத்தரவுகளும் மொழிபெயர்ப்புக்கு வரக்கூடும். பிரிட்டிஷ் இந்தியாவின் 1894ஆம் ஆண்டு வனக் கொள்கை, காட்டை அண்டி வாழ்வோரின் உரிமைகளை ஒழுங்குபடுத்துவது, பிரிவிலேஜ்களைக் கட்டுப்படுத்துவது என்று இரண்டையும் பிரித்தே பேசியது. விறகு, தேன், மேய்ச்சல் ஆகியவை பிரிவிலேஜ் என்ற பெயரில் இருக்கும் வரை அதிகாரி குறைக்கலாம், நிறுத்தலாம். அந்தப் பழைய தாள்களில் 'வனத்துறை அனுமதித்த சலுகை' என்பதே சரியான மொழிபெயர்ப்பு. கசப்பாக இருந்தாலும் அப்படித்தான் எழுத வேண்டும், அன்றைய நிலை அதுதான். ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பெயரிலேயே உரிமை என்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பே குடியிருந்து பயிரிட்ட பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை, அனுபவத்தில் உள்ள அளவு நிலம். அதை விற்க முடியாது, பிள்ளைகளுக்கு வரும். மணமானவரென்றால் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிய வேண்டும். உரிமையைச் சரிபார்த்து முடிக்கும் வரை வெளியேற்றக் கூடாது. முதல் படி கிராம சபை. இந்தச் சட்டத்தின்கீழ் எழுதும் மனுவில் 'சலுகை வழங்கக் கோரி' என்று தட்டச்சு செய்து கொடுத்துவிடாதீர்கள். 'உரிமையை அங்கீகரிக்கக் கோரி' என்றே இருக்க வேண்டும். இட ஒதுக்கீட்டைச் சலுகை என்று எழுதும் வழக்கத்தையும் இதே காரணத்துக்காக விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது அரசமைப்புச் சட்டம் 15, 16ஆம் பிரிவுகளில் இடம் கொடுத்துச் செய்த ஏற்பாடு. யாருடைய இரக்கத்தின் பேரிலும் வந்ததல்ல.

பிரிராகேட்டிவ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது வேறு. பிரிவிலேஜ் என்பது ஒருவர் அனுபவிக்கும் நன்மை அல்லது விலக்கு. பிரிராகேட்டிவ் என்பது ஒரு பதவியில் இருப்பவர் பிறரைக் கேட்காமல் முடிவெடுக்கும் அதிகாரம். மந்திரி சபையில் யார் இருக்க வேண்டும் என்பது முதலமைச்சரின் பிரிராகேட்டிவ். அங்கே 'தனியதிகாரம்' என்பது பொருந்தும். அவர் வண்டிக்குச் சுங்கம் இல்லை என்றால் அது பிரிவிலேஜ். தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் ஆங்கில அரசரின் பிரிராகேட்டிவாக இருந்தது. நம் நாட்டில் அது 72, 161ஆம் பிரிவுகளில் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. 'இம்யூனிட்டி' வந்தால் விலக்குரிமை, 'கன்செஷன்' வந்தால் சலுகை, 'என்டைட்டில்மென்ட்' வந்தால் பெறத்தக்கது அல்லது உரித்தானது. அரசர்களின் தனிச்சிறப்புகளையும் மானியத்தையும் 1971இல் 26ஆம் திருத்தம் ஒழித்தபோது நீக்கிய 362ஆம் பிரிவில் உரிமை, பிரிவிலேஜ், மரியாதை மூன்றும் ஒரே வரியில் இருந்தன. அங்கே 'தனிச்சிறப்பு' பொருந்தும். இப்படி ஒரே வரியில் உரிமையும் பிரிவிலேஜும் சேர்ந்து வந்தால் இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டுவிடக் கூடாது. பட்டச் சான்றிதழில் வரும் 'ரைட்ஸ் அண்ட் பிரிவிலேஜஸ்' என்பதற்கும் 'உரிமைகளும் சிறப்புகளும்' என்று எழுதலாம்.

மேடைப் பேச்சும் வாழ்த்து மடலும் வந்தால் சட்டம் எதுவும் வேண்டாம். 'இட் இஸ் எ பிரிவிலேஜ்' என்று ஒருவர் சொன்னால் அது பணிவு. 'எனக்குக் கிடைத்த பேறு' என்று எழுதுங்கள். சபைக் கூட்டங்களுக்கான தாள் என்றால், நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் 'சிலாக்கியம்' இருக்கிறது. 'இது தேவன் எனக்குத் தந்த சிலாக்கியம்' என்பது காதுக்கு இயல்பாகவே இருக்கும். 'அண்டர்பிரிவிலேஜ்ட்' என்ற சொல்லை ஏழை என்று சுருக்கிவிட வேண்டாம். பணம் மட்டுமல்லாமல் படிப்பு, பாதை, மருத்துவம் எல்லாம் எட்டாதவர் என்று பொருள். 'வாய்ப்பு மறுக்கப்பட்டவர்' சரியாக வரும்.

ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும்போது ஒரு எச்சரிக்கை. இந்தச் சொல்லில் 'டி' எழுத்து கிடையாது. பி, ஆர், ஐ, வி, ஐ, எல், இ, ஜி, இ, அவ்வளவுதான். 'நாலெட்ஜ்' என்ற சொல்லின் நினைவில் பலர் நடுவில் டி சேர்த்துவிடுகிறார்கள். பிரிவிலேஜ் என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின் 'ஆஃப்' போட்டு வினையை 'இங்' சேர்த்து எழுதுவது வழக்கம். பிரிவிலேஜ்ட் என்றால் பின்னால் 'டு' வரும்.

பெங்களூர்க்காரரின் பத்திரம் இன்னும் வரைவாகத்தான் இருக்கிறது என்பது நல்லது. பதிவு முடிந்திருந்தால் பிழைதிருத்தல் பத்திரம் வரை போக வேண்டியிருக்கும், அதற்கு இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வர வேண்டும். இப்போது அவரை அழைத்து, முன் பத்திர நகலையும் வழி போகும் நிலத்தின் பட்டாவையும் அனுப்பச் சொல்லுங்கள். வழி அவருடைய சொந்த நிலத்தில் போனால் அந்த நிலத்தையே விற்பனையில் சேர்க்கலாம். பிறர் நிலத்தில் போனால், அந்த நிலக்காரரும் ஒரு தரப்பாக வந்து கையெழுத்திட்டு வழியுரிமை எழுதிக் கொடுப்பது எல்லாவற்றிலும் பலமானது. வாங்குகிறவரையும் வைத்துக்கொண்டு சங்கிலியோ டேப்போ பிடித்து அளந்து, அந்த அளவை விவரத்தில் ஏற்றியபின் மொழிபெயர்ப்பைத் திருத்திக் கொடுங்கள்.